சில்லா, சங்கிலியா, காலா?

ரோபோ செய்ய ஆசைப்படுற ஒரு தம்பியிட்டயோ தங்கச்சியிட்டயோ "என்ன மாதிரி ரோபோ?" எண்டு கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலும் இரண்டு கால், இரண்டு கை, ஒரு தலை உள்ள ஒன்றைத்தான் சொல்வார்கள். சில்லுப் பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டினால் "இது விளையாட்டுக் கார் எல்லோ?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். கால் இருந்தால் பெரிய ரோபோ, சில்லு இருந்தால் சின்ன ரோபோ என்ற கணக்கு. தரையில் ஓடும் ரோபோக்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1948, 49 காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மூளையை ஆராய்ந்த கிரே வால்டர் இரண்டு சிறிய யந்திரங்களைச் செய்தார். பெயர் எல்மர், எல்சி. மேலே ஆமை ஓடு மாதிரி ஒரு மூடி, கீழே மூன்றே மூன்று சில்லு. மூளை என்று சொல்ல, பழைய றேடியோவில் இருப்பது போன்ற இரண்டு வால்வுகள். ஆனாலும் அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, முட்டினால் விலகின, பற்றரி இறங்கினால் கூட்டுக்குத் திரும்பின. மூன்று இடத்தில் தரையைத் தொடும் பொருள் தானாகவே விழாமல் நிற்கும். அதனால் வால்டருக்குச் சமநிலையைப் பற்றிய கவலையே இல்லை. முழுக் கவனத்தையும் நடத்தையில் வைக்க முடிந்தது.

சில்லு மட்டமான தரைக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். 1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் சந்திரனில் இறக்கிய லூனகோட் 1 வண்டிக்கு எட்டுச் சில்லு. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டர். ஒன்று பழுதானாலும் மற்றவை இழுக்கும். பூமியில் இருந்தபடியே ஆட்கள் அதை ஓட்டினார்கள். பத்து மாதமளவில் 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது.

சங்கிலிப் பட்டியின் கதை வேறு. 1972 இல் வட அயர்லாந்தில் குண்டு செயலிழக்கச் செய்யப் போன படையினர் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பீற்றர் மில்லர் என்ற பிரித்தானிய அதிகாரி, பொருள் ஏற்றும் மின்சாரத் தள்ளுவண்டி ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்துத் தூர இருந்து இயக்கும் ரோபோவாக மாற்றினார். அதன் பெயரும் 'வீல்பரோ', அதாவது தள்ளுவண்டிதான். பிறகு வந்த வடிவங்களுக்குச் சங்கிலிப் பட்டி பூட்டினார்கள். பட்டி பாரத்தைப் பரப்பி வைப்பதால் புதையாது, இடிபாட்டிலும் படியிலும் பிடிக்கும். குறையும் உண்டு: திரும்பும்போது தரையில் உரசிக்கொண்டே திரும்புவதால் பற்றரியைத் தின்னும்.

கால்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஹொண்டா நிறுவனம் 1986 இல் தொடங்கியபோது முதல் ரோபோ ஓர் அடி வைக்கவே பல வினாடிகள் எடுத்தது. உலகம் வியந்த அசிமோ வந்தது 2000 இல். பதினான்கு வருட உழைப்பு! இரண்டு காலில் நிற்பதற்கே கணினி ஓயாமல் கணக்குப் போட வேண்டும்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. மனிதர் போக முடியாத கதிர்வீச்சு. "அசிமோவை ஏன் அனுப்பவில்லை?" என்ற கேள்வி ஜப்பானிலேயே எழுந்தது. அசிமோ பழகியது சுத்தமான, மட்டமான தரையில். ஏப்ரலில் உலைக் கட்டடத்துக்குள் போய்க் கதிர்வீச்சை அளந்தவை சங்கிலிப் பட்டியில் ஓடும் அமெரிக்க பக்பொட் ரோபோக்கள். பின்னால் போன ஜப்பானின் குவின்ஸும் பட்டி ரோபோதான். படியேறி மேல்மாடிகள் வரை போன அது, ஒக்ரோபரில் கேபிள் சிக்கி உள்ளேயே நின்றுவிட்டது.

இந்த விபத்தைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் டார்பா அமைப்பு ஒரு போட்டி வைத்தது. 2015 ஜூனில் இறுதிச் சுற்று. வாகனம் ஓட்டுவது, கதவு திறப்பது, வால்வு திருகுவது, படியேறுவது என எட்டு வேலைகள். பல மனித வடிவ ரோபோக்கள் தடால் தடால் என்று விழுந்தன. வென்றது தென்கொரியாவின் ஹூபோ. அதற்குக் காலும் இருந்தது, முழங்காலில் சில்லும் இருந்தது! மட்டமான இடத்தில் மண்டியிட்டு உருண்டது, படி வந்தால் எழுந்து ஏறியது. மூன்றாம் இடம் பெற்ற சிம்ப் ரோபோவின் கை கால்களில் சங்கிலிப் பட்டி.

ஆகவே முதல் ரோபோ செய்யப்போற ஆக்கள், "எது கெத்து?" எண்டு கேளாதேங்கோ. எந்த நிலத்தில ஓடப்போகுது எண்டு முதலில பாருங்கோ: வகுப்பறைச் சீமெந்துத் தரையா, கடற்கரை மணலா, வயல் வரம்பா? சீமெந்துத் தரை எண்டால் மூன்று சில்லு தாராளம். எல்மரும் எல்சியும் அப்பிடித்தான் தொடங்கினவை.