சைலன் மன்னாவும் கொழும்பு ஓவல் மைதானமும்

பத்திரிகைக் காரியாலயத்துக்கு உதைபந்தாட்டப் போட்டியொன்றின் விபரம் தொலைபேசியில் வரும்போது நாங்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். முடிவு என்ன? கோல் போட்டவர்கள் யார்? இத்தனை வருடப் பத்திரிகை வாழ்க்கையில் மூன்றாவது கேள்வியொன்று கேட்கப்பட்டதை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். பின்கள வீரர் ஒருவரின் பெயர் அச்சேற வேண்டுமானால், அவர் தன்னுடைய கோலுக்குள்ளேயே பந்தை அடித்திருக்க வேண்டும். அல்லது பெனல்டி உதையைத் தவறவிட்டிருக்க வேண்டும். தடுக்கப்பட்ட கோல்களுக்குப் பதிவேடு கிடையாது.

இந்த வழக்கத்தினால் மிகவும் நட்டமடைந்தவர் என்று நான் கருதுவது வங்காளத்தின் சைலன் மன்னாவை. 1924 செப்டெம்பர் 1ஆம் திகதி பிறந்தவர். ஹவுராக்காரர். 1942இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து 1960 வரை வேறு கழகத்துக்குப் போகாமல் அங்கேயே பின்களத்தில் நின்றவர். பதினெட்டு வருடங்கள்! ஆனால் 1948 லண்டன் ஒலிம்பிக் பற்றிய எந்த நூலைப் புரட்டினாலும் அவரைப் பற்றி முதலில் கண்ணிற்படுவது, பிரான்ஸுக்கு எதிராக அவர் ஒரு பெனல்டியைத் தவறவிட்டார் என்பதுதான்.

அந்தப் போட்டி 1948 ஜூலை 31ஆம் திகதி லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் நடந்தது. சுதந்திரம் பெற்று ஒரு வருடம் கூட நிறையாத இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் உதைபந்தாட்டம் அது. வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனல்டிகளும் வீணாயின. ஒன்றை மன்னாவும் மற்றதை மகாவீர் பிரசாத்தும் தவறவிட்டனர். இடையில் பெங்களூரின் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோலைப் போட்டு 2-1 என வென்றது. அந்தக் கடைசி நிமிடங்கள் வரை பிரான்ஸின் முன்களத்தை ஒரேயொரு கோலுடன் நிறுத்தி வைத்திருந்தவர்கள் யார் என்று எவரும் எழுதவில்லை.

அக்காலத்து அணியமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அந்த வேலையின் கனம் புரியும். 2-3-5 என்ற பழைய முறையில் பின்னால் நிற்பவர்கள் இரண்டே பேர். முன்னால் ஐந்து பேர். 1925இல் ‘ஓஃப்சைட்’ விதி தளர்த்தப்பட்டபின் இங்கிலாந்துக் கழகங்கள் மத்தியில் ஒருவரைப் பின்னிழுத்து மூன்றாவது காவலராக்கிக் கொண்டன. நமது பிராந்தியத்தில் அந்த மாற்றம் மிகவும் தாமதித்தே வந்தது. ஆகவே மன்னா, தன்னோடு ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆணி பதித்த பாதணியுடன் பாய்ந்து வரும் முன்கள வீரர்களை வெறுங்காலால் மறித்தார். சரீர பலத்தை நம்பியிருந்தால் எலும்பு மிஞ்சியிருக்காது. பந்து எங்கே வரப்போகிறது என்பதை முன்னரே கணித்து அங்கே போய் நிற்பதுதான் ஒரே வழி.

இவரைத் தொழில்முறை வீரர் என்று சொல்லலாமா? சட்டப்படி இல்லை. அன்றைய ஒலிம்பிக்கில் பணத்துக்கு ஆடுபவர்களுக்கு இடமில்லை. மன்னா இந்திய புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தார். கழகத்திடம் சம்பளம் வாங்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலேகூட 1947இல் ஒரு வீரர் பெறக்கூடிய உச்ச வாரச் சம்பளம் 12 பவுண்தான். அந்த உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. பணம் என்ற ஒன்றைத் தவிர, தொழில்முறை வீரர் ஒருவருக்குரிய ஒழுங்கும் உழைப்பும் நீண்ட ஆட்டக்காலமும் மன்னாவிடம் இருந்தன என்பதே என் கணிப்பு.

1951இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் மன்னாவின் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராக 1-0. கோல் போட்ட மேவாலாலை உலகம் அறியும். அந்தச் சைபரைக் காத்தவர்களை?

அடுத்த வருடம் கதை நம்மூருக்கு வருகிறது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டி 1952இல் கொழும்பு ஓவல் மைதானத்தில் தொடங்கியது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. பின்னாளில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. ஓவல் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். 1948இல் பிராட்மன் வந்தபோது ஆடுகளம் இரண்டு யார் குறைவாக இருந்த கதையையும், 1982இல் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி நடந்ததையும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணி தன் முதலாவது சர்வதேசப் போட்டியில் ஆடியதும் அந்தச் சுற்றுப்போட்டியில்தான் என்று சொன்னால் புருவத்தை உயர்த்துகிறார்கள். இந்தியாவிடம் 0-2 எனத் தோற்றோம். மன்னா இந்திய அணியின் தலைவராக இருந்த காலம் அது. நம்முடைய உதைபந்தாட்டச் சரித்திரத்தின் முதல் எண் சைபராக இருப்பதற்கு நமது முன்கள வீரர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. எதிர்ப்பக்கம் நின்ற காவலையும் பார்க்க வேண்டும். கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன.

அதே வருடம் ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என நொறுங்கியது. தலைவர் மன்னாதான். பழி முழுவதும் வெறுங்கால் மீது விழுந்தது. அதன்பின் இந்திய வீரர்களுக்குப் பாதணி கட்டாயமாக்கப்பட்டது. பாதணி மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. அடுத்த சுற்றில் அதே யூகோஸ்லாவியா, பாதணி அணிந்த சோவியத் அணிக்கு எதிராகவும் ஐந்து கோல்கள் போட்டது. இறுதியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. இரண்டு காவலர்களோடு அத்தகைய அணியொன்றை எதிர்கொண்டதுதான் பெரும் பிழை. 1953இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆண்டு நூல் உலகின் சிறந்த பத்து அணித்தலைவர்களில் ஒருவராக மன்னாவைக் குறிப்பிட்டது. பத்துக் கோல் வாங்கிய அணியின் தலைவருக்கு, ஆட்டம் அறிந்தவர்கள் தந்த மதிப்பு அது. 1971இல் பத்மஸ்ரீ. 2012 பெப்ரவரி 27ஆம் திகதி தமது 87ஆவது வயதில் காலமானார்.

அரசாங்க உத்தியோகம், மாலையில் மைதானம் என்ற அந்த ஏற்பாடு நமக்கும் அந்நியமானதல்ல. புகையிரதப் பகுதி, பொலிஸ், முப்படைகள் எனத் திணைக்களத்துக்கொரு அணி வைத்து வளர்ந்ததுதான் கொழும்பு உதைபந்தாட்டம். இரத்மலானையில் புகையிரத வேலைத்தளமும் விமானப்படை முகாமும் அயலிலேயே இருப்பதால், காலால் வேலை தேடிக்கொண்டவர்களின் கதைகள் இந்தப் பக்கத்துத் தேநீர்க்கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். நல்ல பின்கள வீரனுக்கு நிரந்தர வேலை, ஓய்வூதியம். அது சிறிய பரிசல்ல. உதைபந்தாட்டத்தை மட்டுமே நம்பி வாழ விரும்புபவனுக்கோ இந்த நாட்டில் வழி குறுகலானது. கடல் கடக்க வேண்டும். பலருக்கும் கிட்டிய துறை மாலைதீவு.

மன்னாரிலிருந்து வந்து தேசிய அணியின் மத்திய பின்களத்தில் நின்ற டக்சன் பியூஸ்லஸ் அப்படிப் போனவர். உயரமான தேகம், தலையால் பந்தை அகற்றுவதில் வல்லவர். வடக்கின் மைதானங்களிலிருந்து புறப்பட்டுத் தேசிய அணியில் நிலையான இடம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது விளையாட்டுப் பகுதியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சைலன் மன்னா வாங்காத சம்பளத்தை வாங்கி ஆடிய தொழில்முறைப் பின்கள வீரர். மாலைதீவின் வலன்சியா கழகத்துக்காக ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 பெப்ரவரியில், மாலேயில் அவர் இறந்துபோனார். வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டியும் அவருடைய பெயர் அச்சேறியது.