‘மூர்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில அகராதியில் ‘மூர்’ என்பதைத் தேடுவோர் ஒரே எழுத்துகளில் மூன்று சொற்களைக் காண்பர். ஒன்று, புதர் மண்டிய தரிசு நிலம். மற்றொன்று, கலத்தைக் கட்டி நிறுத்துதல். மட்டக்களப்பு வாவியில் மீனவர் தோணியைக் கரையில் கட்டுவதும் அதுவே. இவ்விரண்டோடும் தொடர்பற்ற மூன்றாவது சொல்லே நமது கவனத்துக்குரியது. குடிசன மதிப்பீட்டின் தமிழ்ப் படிவம் ‘இலங்கைச் சோனகர்’ என்பதை ஆங்கிலப் படிவம் ‘மூர்’ என்கிறது.

வடமேற்கு ஆபிரிக்காவில், இன்றைய மொரோக்கோ, அல்ஜீரியா பகுதிகளில் வாழ்ந்தோரை உரோமர் ‘மௌருஸ்’ என்றனர். அப்பகுதியினர் பெருமளவில் இடம்பெற்ற முஸ்லிம் படை 711 இல் ஸ்பெயினுள் புகுந்தது. அதன்பின் அங்குள்ள கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களை இப்பெயரால் அழைக்கலாயினர், இடப்பெயர் மதப்பெயராயிற்று. இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் இங்கிருந்த முஸ்லிம் வணிகரையும் ‘மவுரோ’ என்றனர். ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ‘மோரோ’ என்றதும் இவ்வகையினதே. பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அச்சொல்லைத் தத்தம் மொழிக்கேற்பத் திரித்துக்கொண்டனர்.

1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். பகைவர் சூட்டிய பெயருடன் வந்தவர்களுக்கு வாவிக்கரை இடமளித்தது.

முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே எனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் வாதிட்டார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலெழுதி மறுத்தார். அதன் அரசியல் விளைவுகளை நாம் அறிவோம். ஆனால் இருவரது ஆங்கில எழுத்தின் தலைப்பிலும் ‘மூர்’ என்ற சொல்லே உள்ளது. அது அந்நியர் சூட்டிய பெயர். தமிழ் வழக்கிலுள்ள ‘சோனகர்’ என்பதோ ‘யவனர்’ என்பதிலிருந்து வந்ததாகப் பலரும் கொள்ளும் பழஞ்சொல். இராமநாதனின் வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இப்பிரதேசத்தின் குடி முறையைச் சற்று நோக்க வேண்டும்.

இங்கு தாய்வழிக் குடி தமிழரிடத்தும் உண்டு, முஸ்லிம்களிடத்தும் உண்டு. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடியின் பேரால் பொறுப்பேற்று வந்தனர். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைப்பதும் இரு சாராருக்கும் பொதுவான வழக்கம். ‘மூர்’ என்ற சொல்லில் இவற்றின் சாயல்கூட இல்லை.

1981 இல் காத்தான்குடியில் உருவான கட்சி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் என்றே தனக்குப் பெயரிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின் ஆங்கில அறிக்கையோ, நாட்டு மக்களில் 9.3 சதவீதத்தினரைப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயராலேயே பதிவு செய்தது.