கன்றுகள் தந்த எச்சரிக்கை

பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈன்றது கிடேரியானால் பண்ணையிலேயே வளரும். காளைக்கன்றானால் பால் பண்ணைக்காரருக்கு அது வீண் செலவு. இந்த எளிய கணக்கிலிருந்து பிறந்த ஒரு வரலாற்றை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அது 1960களில் பிரிட்டனில் நடந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெனிசிலின் மாட்டுத் தொழுவத்துக்குள்ளும் நுழைந்தது. மடிவீக்கம் கண்ட பசுவின் காம்பு வழியே அதைச் செலுத்தினார்கள், நோய் தணிந்தது. வாயில்லா ஜீவனின் வேதனையைத் தீர்த்த மருந்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், சிகிச்சை பெற்ற பசுவின் பாலைச் சில நாட்கள் ஒதுக்கிவைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்காத பாலில் எஞ்சியிருந்த மருந்து, பாலாடைக்கட்டி செய்வோர் இட்ட உறையைக் கெடுத்தது. அவர்களிடமிருந்து புகார்கள் எழுந்தன.

அதைவிடப் பெரிய தீங்கு கன்றுகளின் வழியே வந்தது. பிறந்து சில நாட்களே ஆன காளைக்கன்றுகள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. வியாபாரிகள் பல பண்ணைகளின் கன்றுகளை ஒன்றாக அடைத்து, தொலைதூரத்திலுள்ள வளர்ப்புப் பண்ணைகளுக்கு ஏற்றிச் சென்றார்கள். சீம்பால் போதாமை, பசி, பயணக் களைப்பு, நெரிசல் ஆகியவற்றால் அவற்றுக்குக் கழிச்சல் கண்டது. அவற்றின் நிலையைச் சீர்செய்வதற்குப் பதிலாக, நோயுற்ற கன்றுக்கும் நோயற்ற கன்றுக்கும் சேர்த்தே ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. எளிதில் மடியும் கிருமிகள் மடிந்தன. மருந்தைத் தாங்கிய கிருமிகள் பிழைத்துப் பெருகின.

லண்டனில் கோலின்டேல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஈ. எஸ். ஆண்டர்சன், சால்மொனெல்லா கிருமியை நுட்பமாக வகைபிரித்து ஆராய்ந்தவர். ‘வகை 29’ எனப்பட்ட ஒரே கிருமி கன்றுகளிடமும் மனிதர்களிடமும் இருப்பதை அவர் கண்டறிந்தார். அது ஒரு மருந்துக்கு மட்டுமன்றிப் பல மருந்துகளுக்கும் அடங்க மறுத்தது. ஒரு கிருமி தன் எதிர்ப்புத் திறனை வேறோர் இனக் கிருமிக்கும் கைமாற்ற வல்லது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் முன்னரே கண்டிருந்தார்கள். ஆகவே, தொழுவத்தில் தோன்றிய எதிர்ப்புத் திறன் தொழுவத்தோடு நிற்கும் என்று எவரும் உறுதி கூற இயலவில்லை.

1968இல் அரசு, மைக்கேல் ஸ்வான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மனிதருக்குச் சிகிச்சையளிக்கப் பயன்படும் பெனிசிலின், டெட்ராசைக்ளின் போன்றவற்றைக் கால்நடை மருத்துவரின் சீட்டின்றித் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று 1969 நவம்பரில் அக்குழு பரிந்துரைத்தது. சட்டமும் வந்தது. ஆனால் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. வளர்ச்சிக்காகக் கொடுப்பதுதான் தடுக்கப்பட்டது. ‘நோய்த் தடுப்பு’ என்ற பெயரில் மருந்துச் சீட்டு எழுதுவதற்குத் தடையில்லை. கன்றுகள் முன்போலவே நெரிசலில் பயணித்தன. 1970களின் பிற்பகுதியில், டைபாய்டு காய்ச்சலுக்கு உயிர்காக்கும் மருந்தாயிருந்த குளோரம்ஃபெனிகாலுக்கே அடங்காத சால்மொனெல்லா, கன்றுகளிடையே பரவியது. ஸ்வான் ஏன் தோற்றது என்று வினவி 1980இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் தலையங்கம் தீட்டியது.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றிலும் தடுத்தது. சுகாதாரக் குறைவையும் பராமரிப்புக் குறைவையும் ஈடுகட்ட அம்மருந்தைப் பயன்படுத்தலாகாது என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது 2022இல்தான். ஸ்வான் அறிக்கைக்குப் பின் அரை நூற்றாண்டு கடந்திருந்தது! நம் இந்தியாவிலும், மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019இல் தடைசெய்யப்பட்டது.

‘பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?’ என்று நம்மில் சிலர் கேட்கலாம். காய்ச்சுவது நல்லதே, பாலிலுள்ள கிருமிகள் அதனால் மடியும். ஆனால் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி பால் வழியே மட்டும் வருவதில்லை. சாணம், தண்ணீர், இறைச்சி, கறப்பவரின் கை எனப் பல வழிகள் அதற்குண்டு. மேலும், பாலில் எஞ்சிய மருந்தைக் காய்ச்சுவதால் முழுமையாக அகற்றிவிட முடியாது.

ஆகவே மாடு வளர்க்கும் நம் சகோதரர்கள், மருத்துவர் குறித்த நாட்கள் முடியும்வரை அப்பாலை விற்காதிருக்கட்டும், வீட்டாருக்கும் கொடுக்காதிருக்கட்டும். தொழுவத்தின் தூய்மையால் தடுக்கக்கூடிய நோய்க்கு மருந்தை முன்கூட்டியே கொட்டாதிருக்கட்டும். மருந்தின் ஆற்றல், அடுத்த தலைமுறைக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை நாம் செலவழித்துத் தீர்த்துவிட்டால், நாளை காய்ச்சலில் கிடக்கும் நம் பேரப்பிள்ளைக்கு எதைக் கொடுப்போம்?