தையல் மெஷினில் மட்டும் மிஞ்சியிருக்கும் பெயர்: சத்தியவாணி முத்து

போன வருடம் எங்கள் பகுதியில் ஒரு அக்காவுக்கு இலவசத் தையல் மெஷினுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள். திட்டத்தின் பெயரை மனுவில் முழுமையாக எழுத வேண்டியிருந்தது: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். "யாரு தம்பி இந்த அம்மா? மெஷின் கொடுத்தவங்களா?" என்று அக்கா கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சமூகவியலில் முதுகலை படித்தவன் நான். அந்த இரண்டு வருடப் படிப்பில் இந்தப் பெயரை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரு பட்டியலின் நடுவில்.

கல்லூரியில் படித்துக்கொண்டே களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன். தலித் அரசியலில் தேர்தல் வரலாறு 1999ல் தொடங்கியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தொண்ணூறுகளுக்கு முன்பும் நம் ஆட்கள் தேர்தலில் நின்றார்கள், ஜெயித்தார்கள், அமைச்சர் ஆனார்கள், சண்டை போட்டு வெளியேறினார்கள், தனிக்கட்சி கண்டார்கள், தோற்றார்கள். இவை அத்தனையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் நடந்திருக்கிறது.

சத்தியவாணி முத்து 1923 பிப்ரவரி 15ல் பிறந்தார். தந்தை நாகைநாதன் திராவிட இயக்கத்தோடு தொடர்புடையவர். அந்த 1923ஆம் ஆண்டை மறக்க வேண்டாம். எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியேறியது அதே ஆண்டில்தான். 1921ல் பின்னி மில் வேலைநிறுத்தம் நடந்தபோது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மோதல் மூண்டது. நீதிக்கட்சித் தலைமை அப்போது பழியை நம் மக்கள் மீது போட்டது. பார்ப்பனர் அல்லாதார் என்று ஒரே பட்டியலில் சேர்த்துக்கொண்டவர்கள் தெருவில் சண்டை வந்ததும் யார் பக்கம் நின்றார்கள் என்பதை ராஜா கண்ணால் பார்த்தார், வெளியேறினார். ஐம்பது ஆண்டு கழித்து இதே வடசென்னையின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதே காரணத்தைச் சொல்லி இன்னொரு கட்சியிலிருந்து வெளியேறினார்.

1949ல் திமுக தொடங்கியபோதே சத்தியவாணி முத்து அதில் இருந்தார். 1953ல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் முன்னின்று கைதானார். அரை நாள் பள்ளி, மீதி அரை நாள் அப்பன் தொழில் என்பது அந்தத் திட்டம். அப்பன் தொழில் தோட்டி வேலையாகவும் செருப்புத் தைப்பதாகவும் இருந்த வீடுகளுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் கட்சியின் கொள்கைப் பரப்புச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தார், 'அன்னை' என்ற இதழின் ஆசிரியராகவும் இருந்தார். மேடையில் பெண்கள் பேசுவதே அரிதாக இருந்த காலம் அது.

இனி தேர்தல் கணக்கைப் பார்ப்போம். 1957ல் திமுக முதன்முதலாகத் தேர்தல் களத்துக்கு வந்தது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகக் கணக்கிடப்பட்டார்கள். வென்ற பதினைந்து பேரில் சத்தியவாணி முத்துவும் ஒருவர், தொகுதி பெரம்பூர். அண்ணா காஞ்சிபுரத்திலும் கருணாநிதி குளித்தலையிலும் வென்ற அதே தேர்தல்தான். அண்ணா, கருணாநிதி பெயர்களை எல்லாரும் சொல்வார்கள். பெரம்பூரைச் சொல்பவர்கள் குறைவு.

பெரம்பூர் அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்றைய மாணவர்கள் பலர் இந்த முறையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். 1957ல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 205 இடங்கள், ஆனால் தொகுதிகள் 167தான். 38 தொகுதிகளில் தலா இரண்டு பேர் தேர்வானார்கள், ஒரு இடம் பொது, இன்னொன்று ஒதுக்கீடு. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. முதலில் ஒதுக்கீட்டு வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்வார். பிறகு மிச்சமுள்ள எல்லாரிலும் அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம். இந்த இரண்டாவது விதியில்தான் ஆதிக்கச் சாதிகளுக்குச் சிக்கல் வந்தது. இரண்டாவதாக வந்தவரும் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்துவிட்டால் பொது இடமும் அவருக்கே போய்விடும்.

அப்படி நடக்கவும் செய்தது. 1957 நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு பழங்குடி வேட்பாளர்கள் இரண்டு இடங்களையும் வென்றார்கள். தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர். பொது இடத்தில் பழங்குடி அமர முடியாது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அமர முடியும் என்று 1959ல் தீர்ப்பு வந்தது. 1961ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்தது. தொகுதி பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம், நிர்வாகச் சிரமம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு "உங்களுக்குத்தான் தனித்தொகுதி இருக்கிறதே" என்று சொல்லிப் பொதுத் தொகுதியின் கதவைச் சாத்துவது எல்லாக் கட்சிக்கும் எளிதாகிவிட்டது. இன்று தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை 44. மீதியில் பெரிய கட்சிகள் எத்தனை தலித்துகளை நிறுத்துகின்றன? அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியல் வரும்போது நீங்களே விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை போதும் என்று நினைக்கிறேன்.

1962ல் பெரம்பூரில் சத்தியவாணி முத்து தோற்றார். பதினைந்து பேரையும் குறிவைத்துக் காமராசர் வேலை செய்த தேர்தல் அது, அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967ல் காற்று முழுவதுமாகத் திரும்பியது. பெரம்பூரில் மீண்டும் வென்ற அவர், மார்ச் 6ல் பதவியேற்ற அண்ணாவின் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் ஒரே பெண்ணாக இடம்பெற்றார். அரிசன நலமும் செய்தித்துறையும் அவருக்குத் தரப்பட்டன. மெட்ராஸ் ஸ்டேட்டைத் தமிழ்நாடு என்று மாற்றிய ஆட்சியில்கூட அந்தத் துறைக்குக் காந்தி வைத்த பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரை அம்பேத்கர் எவ்வளவு வெறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நலத்துறை என்றால் என்ன என்பதை இங்கே யோசிக்க வேண்டும். விடுதி, பள்ளி, உதவித்தொகை, வீட்டுமனை ஆகியவை அதன் எல்லைக்குள் வரும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. விடுதிச் சோறு இல்லையென்றால் நம்மில் பாதிப்பேர் பட்டம் வாங்கியிருக்க மாட்டோம், நானும்தான். ஆனால் போலீஸ் அதற்குள் வராது, நிலமும் வராது, கூலி நிர்ணயமும் வராது. ஒரு சேரியில் தீ வைத்தால் வழக்குப் போடுவது ஒரு துறை, நிவாரணம் கொடுப்பது இன்னொரு துறை. நம் ஆளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அப்போது அரிசன நலத்துறை அமைச்சர் சத்தியவாணி முத்துதான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. கீழமை நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வெண்மணிக்குப் பின்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த அரசில் அமைச்சராக நீடித்தார். அவர் அப்போதே விலகியிருக்க வேண்டும் என்று என் தோழர்கள் சிலர் சொல்வார்கள். விலகியிருந்தால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் என்று முன்பு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. அவர் காவல்துறையின் அமைச்சர் இல்லை என்பது உண்மை. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு என்பதும் உண்மை.

அண்ணா மறைந்த பிறகு கருணாநிதி அமைச்சரவையிலும் தொடர்ந்தார். 1971ல் திமுக 184 இடங்களை அள்ளியபோது பெரம்பூரும் மூன்றாம் முறையாக அவருக்கே வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு 16 சதவீதத்திலிருந்து 18 ஆனது அந்த ஆண்டுதான். அதே உத்தரவில் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, 31 ஆனது. அந்த ஆட்சியின் நல்லவற்றில் இதை நான் வைப்பேன்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டு அதிமுகவைத் தொடங்கினார். சேரிகளில் பெரும் கூட்டம் அவர் பின்னால் போனது. அதற்காகவே திமுக தலைமை நம் மக்களைப் பாகுபாட்டோடு நடத்துகிறது, அண்ணாவுக்குப் பிறகு பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சத்தியவாணி முத்து குற்றம் சாட்டினார். 1974 மே மாதம் அமைச்சர் பதவியை விட்டு விலகி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்ற கட்சியைத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டு உழைத்த கட்சி, கையில் இருந்த பதவி, இரண்டையும் விட்டுவிட்டு வந்தார். எதிர்க்கட்சியாக வளர்ந்து ஆளும் கட்சியாகவும் ஆக வேண்டும் என்பதைத் தன் கட்சியின் இலக்காகவே வைத்தார். 1974ல் ஒரு தலித் பெண் இப்படிப் பேசியிருக்கிறார்! முழக்கங்கள் எல்லாம் நம் தலைமுறைதான் கண்டுபிடித்தது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கட்சி நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. 1977 தேர்தலில் அதிமுக, திமுக, காங்கிரஸ், ஜனதா என்று நான்கு முனைப் போட்டி. சத்தியவாணி முத்து பெரம்பூரை விட்டு, தனித்தொகுதியான உளுந்தூர்பேட்டையில் நின்று தோற்றார். சுமார் மூன்று வயதே ஆன கட்சி, பணமும் பத்திரிகையும் கையில் இல்லை, வாக்காளருக்குப் பழகிய சின்னமும் இல்லை. தனித்தொகுதியில் வெற்றியைத் தீர்மானிப்பது அங்கே வாழும் தலித் வாக்கு மட்டும் இல்லை, மற்ற சாதிகளின் வாக்கும்தான். 1932 பூனா ஒப்பந்தத்தில் இரட்டை வாக்குரிமையை விட்டுக்கொடுக்க நேர்ந்ததிலிருந்து அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான். சேரிக்காகக் கட்சியை எதிர்த்துப் பேசியவருக்கு ஊர்த்தெரு ஓட்டுப் போடாது. பேசாமல் இருப்பவருக்குப் போடும்.

தேர்தலுக்குப் பிறகு அவர் தன் கட்சியை அதிமுகவோடு இணைத்தார். 1978 ஏப்ரலில் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979 ஆகஸ்டில் சரண்சிங் அமைச்சரவையில் அவரும் பாலா பழனூரும் சேர்ந்தார்கள். மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் திராவிடக் கட்சிக்காரர்கள் இவர்கள்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் பலர் 1989ல் அமைச்சரான முரசொலி மாறன்தான் முதல் ஆள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், திருத்திக்கொள்ளுங்கள். சரண்சிங் மக்களவையைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20ல் ராஜினாமா செய்தார், அதன்பின் அது வெறும் காபந்து அரசு. எனவே அந்தப் பதவியால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது.

1984ல் மீண்டும் பெரம்பூருக்கே திரும்பினார், இம்முறை அதிமுக வேட்பாளராக. எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தார், இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார், அதிமுக காங்கிரஸ் கூட்டணிக்குத் தமிழ்நாடெங்கும் அனுதாப அலை. அந்த அலையிலும் பெரம்பூரில் தோற்றார். வென்றவர் திமுகவின் பரிதி இளம்வழுதி, அப்போது வயது 25. அவரும் தலித். முதல் முறை உதயசூரியனின் ஆளாக இந்தத் தொகுதியை வென்றெடுத்த அம்மாவை, அதே உதயசூரியனில் நின்ற ஒரு இளைஞர் தோற்கடித்தார். இரண்டு பெரிய கட்சிகளும் தனித்தொகுதியில் நம் ஆளுக்கு எதிராக நம் ஆளையே நிறுத்துகின்றன. யார் தோற்றாலும் தோற்பது நாம், யார் வென்றாலும் வெல்வது கட்சி.

ஆக 1957, 1967, 1971ல் வெற்றி; 1962, 1977, 1984ல் தோல்வி. மூன்று வெற்றியும் திமுகவில் இருந்தபோது வந்தவை. தன் பெயரில் கட்சி நடத்தியபோது ஒன்றுகூட இல்லை. இதை வைத்துத் தனிக்கட்சி வேண்டாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. 2001ல் திருமாவளவன் மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் நின்று வென்றார், 2004ல் அந்தப் பதவியை விட்டு விலகினார். 2021ல் விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் நின்று நான்கு பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அதே பானைக்கு விழுப்புரமும் சிதம்பரமும் கிடைத்தன. கூட்டணி பலம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1974க்கும் 2024க்கும் நடுவில் சேரிகளில் இரவுப் பள்ளி நடத்தியவர்கள், கொடிக்கம்பம் நட்டு அடி வாங்கியவர்கள், வழக்குக்கு அலைந்தவர்கள் என்று ஒரு தலைமுறையே இருக்கிறது. சத்தியவாணி முத்துவுக்குப் பின்னால் அப்படி ஒரு அமைப்பு இல்லை. ஒரு அமைச்சர் மேலிருந்து தொடங்கிய கட்சி அது. இது என் கருத்து, மறுப்பவர்கள் எழுதுங்கள்.

1999 நவம்பர் 11ல் அவர் காலமானார். அவர் பெயரில் ஒரு தையல் மெஷின் திட்டம் இருக்கிறது. சென்னையில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பும் இருந்தது. 2019 இறுதியில் தொடங்கி, கூவத்தைச் சீரமைப்பதாகச் சொல்லி அங்கிருந்த குடும்பங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு வருடத்தின் நடுவில், பிள்ளைகள் பரீட்சைக்குத் தயாராகும் நேரத்தில்.

அந்த அக்காவின் மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு இரண்டு வாரம் கழித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மந்திரி வேலையவே விட்டுட்டு வந்தாங்களா? எதுக்கு?" என்றார்.