போலாரிஸ் திட்டமும் ஒருசேர நடந்த பணிகளும்

போலாரிஸ் என்பது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவுவதற்காக ஐக்கிய அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய அணுவாயுத ஏவுகணை ஆகும். புதிய பொருளொன்றின் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல், ஒரே காலத்தில் உருவாக்கியதற்கு இத்திட்டம் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு.

1955இல் இதற்கெனச் சிறப்புத் திட்ட அலுவலகம் வில்லியம் ராபோர்ன் தலைமையில் அமைக்கப்பட்டது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் காலக்கெடு 1960ஆகக் குறைக்கப்பட்டது. ஏவுகணை, வழிகாட்டுக் கருவி, வெடிமுனை, கப்பல் ஆகியவை தனித்தனிக் குழுக்களால் ஒருசேர உருவாக்கப்பட்டன. எடைகுறைந்த வெடிமுனை உரிய காலத்தில் கிடைக்கும் என்று எட்வர்ட் டெல்லர் 1956இல் கூறிய கணிப்பை நம்பியே ஏவுகணையின் அளவு முடிவானது. கட்டுமானத்திலிருந்த ஸ்கார்பியன் நீர்மூழ்கியின் நடுவே, 16 ஏவுகுழாய்கள் கொண்ட சுமார் 40 மீட்டர் நீளப் பகுதி சேர்க்கப்பட்டு, அது ஜார்ஜ் வாஷிங்டன் எனப் பெயர் மாற்றப்பட்டது.

ஒரு குழு தன் அளவை மாற்றினால் மற்றவற்றின் உழைப்பு வீணாகும். எனவே ஏவுகணையின் வெளியளவுகள் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டன. எந்தப் பணியின் தாமதம் முழுத் திட்டத்தையும் தாமதப்படுத்தும் எனக் கணிக்க 1958இல் பெர்ட் என்னும் வலையமைப்பு முறை உருவானது. எனினும், வெற்றியில் அதன் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்று ஆர்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியான தம் நூலில் வாதிட்டார்.

1960 சூலை 20 அன்று, நீருக்கடியிலிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் இரு ஏவுகணைகளை வெற்றியுடன் ஏவியது. ஆனால் 1960களில் அவ்வெடிமுனைகளின் பாதுகாப்புப் பொறியில் கோளாறு கண்டறியப்பட்டு, அவற்றைத் திருத்த நேர்ந்தது.