துலக்கத்தின் விலை: ஒரு சங்கும் ஒரு குடைமிளகாயும்

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், பழைய நாணயங்கள் பற்றிய கட்டுரையொன்றுக்காகப் படம் எடுக்க முயன்றேன். சாய்வாக நிறுத்திய நாணயத்தின் முன்விளிம்பு துலக்கமாக விழுந்தது. பின்னாலிருந்த எழுத்துகள் கலங்கிப் போயின. வாசகர் படிக்க வேண்டியவை அந்த எழுத்துகளே. கமராவைக் குறை கூறினேன். குறை கமராவில் இல்லை என்றார் மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர்.

படத்தில் முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் துலக்கமாகத் தெரிகிறதோ, அதனைக் குவிய ஆழம் என்பர். பொருளை நெருங்க நெருங்க அது சுருங்கும். 35 மில்லிமீற்றர் பிலிமில் பொருளின் உருவம் அதன் உண்மையான அளவிலேயே விழுமாறு எடுத்தால், எப்/8 துவாரத்தில் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மட்டுமே. துவாரத்தைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி குறையும். எப்/8 இலிருந்து எப்/64 க்குச் சென்றால் 64 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

இந்த விலையைத் தயங்காது செலுத்தியவர் அமெரிக்கரான எட்வேர்ட் வெஸ்ரன். 1927 இல் கலிபோர்ணியாவில், ஹென்றியெற்றா ஷோர் என்ற ஓவியரிடம் கண்ட கடற்சங்குகள் அவரைக் கவர்ந்தன. 8க்கு 10 அங்குலப் பிலிம் கொள்ளும் பெரிய கமராவில், துவாரத்தை மிகச் சிறிதாக்கி அவற்றைப் படமெடுத்தார். சங்குப் படமொன்றுக்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் வில்லை திறந்திருந்தது. அந்நேரத்தில் சிறு அதிர்வு ஏற்பட்டாலும் உழைப்பு முழுவதும் வீண்.

1930 ஓகஸ்ட் மாதத்தில் குடைமிளகாய் ஒன்றைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைந்த உட்புறம் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்தது. 'குடைமிளகாய் இலக்கம் 30' என்னும் அப்படம் புகைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. சமையலறைப் பொருளொன்று சிற்பம்போல் தோன்றியதற்கு, அதன் மேனி முழுவதும் பரவிய துலக்கம் ஒரு முக்கிய காரணமாகும்.

அக்காலத்தில் ஓவியம்போல் மங்கலாக எடுப்பதே கலை என்ற கருத்துப் பலரிடம் இருந்தது. அதனை மறுத்த வெஸ்ரன், அன்சல் அடம்ஸ், இமோஜன் கனிங்ஹாம் முதலியோர் 1932 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடத்தினர். தம் குழுவுக்கு அவர்கள் இட்ட பெயரே 'எப்/64'. சிறு துவாரத்தின் எண் ஒரு கொள்கையின் பெயராயிற்று.

எனினும் சிறு துவாரத்துக்கும் எல்லை உண்டு. துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் விலகிப் பரவி, படம் முழுவதையும் சற்று மென்மையாக்கிவிடும். வெஸ்ரன் தம் பிலிமைப் பெருப்பிக்காமல், அதே அளவில் தாளோடு ஒட்டவைத்து அச்சிட்டார். ஆகவே அக்குறை கண்ணுக்குப் புலப்படவில்லை. சிறிய பிலிமைப் பெருப்பிப்போருக்கு அச்சலுகை இல்லை.

டிஜிட்டல் காலம் வேறு வழியைத் தந்தது. நடுத்தரத் துவாரத்தில், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் துலக்கமான பகுதியைக் கணினி கொண்டு ஒன்றிணைக்கலாம். பூச்சியின் தலை முதல் வால் வரை துலங்கும் இன்றைய படங்களிற் பல இவ்வாறு பிறந்தவை. ஆயினும் பொருள் அசையக்கூடாது என்ற பழைய நிபந்தனை மாறவில்லை. அன்று மணிக்கணக்கில் செலுத்திய விலையை இன்று படங்களின் எண்ணிக்கையில் செலுத்துகிறோம். அத்தகைய படம் ஒரே கணத்தின் சாட்சியன்று. பத்திரிகையில் வெளியிடுவோர் அதனை வாசகருக்குக் கூறுவதே நேர்மை.

என் நாணயத்துக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அந்த மூத்தவர் நாணயத்தைத் தட்டையாகக் கிடத்தி, கமராவை நேர்மேலே, அதற்குச் சமாந்தரமாகப் பொருத்தினார். கிடைத்த சிறு ஆழத்துக்குள் எழுத்துகள் யாவும் அடங்கின. கட்டுரை உரிய நாளில் வெளிவந்தது.