0.15 புள்ளியில் நழுவிய பதக்கம்: தாவலும் மதிப்பெண் முறையும்

2016 ஆகஸ்ட் 14 அன்று, இந்திய நேரப்படி நள்ளிரவை நெருங்கும் வேளையில், ரியோ ஒலிம்பிக்கின் மகளிர் வால்ட் இறுதிப்போட்டி நடந்தது. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை கியூலியா ஸ்டைன்க்ரூபர் பெற்றது 15.216. மிகக் கடினமான தாவலைச் செய்தவருக்கு ஏன் பதக்கம் இல்லை? இதற்கான விடை மதிப்பெண் முறையின் வரலாற்றில் உள்ளது.

பத்துக்குப் பத்து மறைந்த கதை

ஜிம்னாஸ்டிக்ஸில் நீண்டகாலம் உச்ச மதிப்பெண் 10 தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது நாடியா கோமனெச் முழுப் பத்து பெற்றபோது, அதைக் காட்ட வசதியில்லாத பலகை 1.00 என்று காட்டியது. 2004 ஏதென்ஸில் தென்கொரியாவின் யாங் தே-யங்குக்குத் தொடக்க மதிப்பு 0.1 குறைவாகக் கணக்கிடப்பட்டது பெரும் சர்ச்சையானது. 2006இல் உச்சவரம்பற்ற புதிய முறை வந்தது. தாவலின் கடினத்துக்கு ஒரு மதிப்பு. செய்த நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்து மற்றொரு மதிப்பு. இரண்டின் கூட்டலே மதிப்பெண்.

பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் இணையர் போட்டியில் நடுவர் முறைகேடு வெளிப்பட்டு, இரண்டாவது தங்கம் வழங்க நேர்ந்தது. அதன்பின் 6.0 முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படை மதிப்பும் நேர்த்திக்கான கூட்டல் கழித்தலும் வந்தன.

வர்ணனையாளரின் தேவை

ஸ்கேட்டிங்கில் லுட்ஸ், ஃபிளிப் ஆகிய இரு தாவல்களும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சறுக்குக்கத்தியின் வெளிவிளிம்பில் எழும்பினால் லுட்ஸ். உள்விளிம்பில் எழும்பினால் ஃபிளிப். இந்த நுட்பங்களைத் தொலைக்காட்சி நேயர்களுக்கு விளக்கிப் புகழ்பெற்றவர் அமெரிக்காவின் டிக் பட்டன். 1948 ஒலிம்பிக்கில் இரட்டை ஆக்ஸல் தாவலை முதன்முதலில் நிகழ்த்தித் தங்கம் வென்றவர் அவர். தானே தாவியவர் என்பதால் பிழை எங்கே தொடங்கியது என்று அவரால் சொல்ல முடிந்தது. புதிய முறையிலோ, வர்ணனையாளர் நுட்பத்தோடு கணக்கையும் சொல்லித்தர வேண்டியதாயிற்று.

தீபாவின் கணக்கு

வால்ட்டில் இரண்டு தாவல்களின் சராசரியே இறுதி மதிப்பெண். தீபாவின் முதல் தாவல் 14.866. இரண்டாவது, ரஷ்ய வீராங்கனை எலெனா புரொதுனோவாவின் பெயர் தாங்கியது. மேசையில் கையூன்றி எழும்பி, காற்றில் முன்னோக்கி இருமுறை சுழன்று இறங்க வேண்டும். முன்சுழற்சியில் தரை கண்ணில் படுவது கடினம். தவறினால் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் ஆபத்து. அதனால் இதன் கடின மதிப்பு 7.0. தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் மிகக் கடினமான தாவலுக்கே 6.4 தான்.

தீபா காலூன்றியே இறங்கினார்; ஆனால் ஆழமாகக் குந்தினார். நேர்த்திக்குக் கிடைத்தது 8.266, பைல்ஸுக்கு 9.633. கடினத்தில் பெற்ற 0.6 முன்னிலை நேர்த்தியில் கரைந்தது. புரொதுனோவாவின் மதிப்பெண் 15.266. அது 0.3 கூடியிருந்தால் சராசரி சரியாக 15.216 ஆகி, வெண்கலத்துக்குச் சமமாகியிருக்கும். ஆழக் குந்தி இறங்குவதற்கு மட்டுமே 0.5 வரை கழிக்க விதியில் இடமுண்டு.

அதே இறுதிப்போட்டியில் 41 வயது ஒக்ஸானா சுசோவிதினாவும் புரொதுனோவாவைச் செய்து, இறங்கும்போது நிலைதவறி உருண்டார். ஏழாம் இடமே கிடைத்தது. ரியோவுக்குப் பின் இத்தாவலின் கடின மதிப்பு குறைக்கப்பட்டது. துணிச்சலுக்கு விதி தரும் விலை நிலையானதல்ல. அந்த இரவில் தீபா இழந்த 0.15, அநீதியால் போனதன்று. துணிச்சலுக்கும் நேர்த்திக்கும் இடையில் அவர் தெரிந்தே ஏற்ற பேரத்தில் போனது.